கோலாலம்பூரில் தொழிலுறவு ஆய்வு: யாரிடம் போய் நிற்பது?

தம்பி, திருச்சியிலிருந்து நீங்கள் கேட்டது இது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. இங்குள்ள உணவகங்களில் வேலை செய்யும் தமிழ்நாட்டுக்காரர்களைப் பற்றி ஆராய நினைக்கிறீர்கள். ஆனால் வேலை, கூலி, பணியிட உறவு என்று படிக்கிறவர்கள் ஒரே துறையில் இல்லை. பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வு வலையமைப்புகளில் சேர்ந்தால் பயன் உண்டா, வெறும் சந்தாச் செலவா?

பயன் உண்டு. கட்டாயம் சேருங்கள். நான் கும்பகோணத்திலிருந்து வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டவள். தொழிலாளர் விஷயம்தான் என் படிப்பும் பிழைப்பும். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

இந்தப் படிப்பு இங்கே சிதறிக் கிடக்கிறது. வணிகப் புலத்தில் மனிதவளம் என்ற பெயரில் ஒருவர் இருப்பார். சட்டப் புலத்தில் பணிநீக்க வழக்குகளையே வாழ்நாளெல்லாம் படித்தவர் இருப்பார். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பெண்ணாய்வு மையமான கனிதா இருக்கிறது. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம். ஒரே தொழிலாளியைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருக்க மாட்டார். இவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது இந்த வலையமைப்புகள்தான். உங்கள் நெறியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் ஒருவரால் இதைச் செய்ய முடியாது.

இவற்றில் பெரியது இலேரா (ILERA) என்ற அனைத்துலகத் தொழிலுறவு ஆய்வு அமைப்பு. 1966-இல் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் நாடுகளின் தொழிலுறவு ஆய்வு அமைப்புகளும் ஜெனீவாவில் இருந்த தொழிலாளர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை உலக மாநாடு. கூட்டம் பெரிது, புதிதாக வருகிற மாணவர் அதில் காணாமல் போய்விடுவார். உங்களுக்கு முதலில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தொழிலுறவு ஆசிரியர்களின் சங்கமான ஐரான்ஸ் (AIRAANZ)தான் சரி. பிப்ரவரி வாக்கில் கூடுவார்கள். அளவான கூட்டம், மாணவர் கட்டுரையையும் உட்கார்ந்து கேட்பார்கள். அப்புறம் உலகத் தொழிலாளர் பல்கலைக்கழகம் என்று ஒன்று: ஜெர்மனி, பிரேசில், தென்னாப்பிரிக்கா, இந்தியப் பல்கலைக்கழகங்களோடு தொழிற்சங்கங்களும் பங்காளிகள். சங்கத்துக்காரர்களும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் கட்டுரை வாசித்தால் கேள்வியின் தரமே வேறு. "இதனால் என் உறுப்பினருக்கு என்ன?" என்று நேராகக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று உங்கள் ஆய்வை இப்போதே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் கொண்டுபோகக் கூடியது தமிழ். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் பாதி தமிழில் பேசப்பட்டது, ஆய்வுகளோ பெரும்பாலும் அதிகாரிகளின் ஆங்கிலக் கோப்புகளை வைத்து எழுதப்பட்டவை. 1941-இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னின்ற ஆர்.எச். நாதன் தமிழ் நேசன் பத்திரிகையில் இருந்தவர். கோரிக்கைகளில் சம்பளம் இருந்தது; கூடவே, துரையோ கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. பணியிட உறவு என்று நாம் பாடப்புத்தகத்தில் படிப்பது முழுவதும் அந்த ஒரு கோரிக்கையில் இருக்கிறது. இன்றைய உணவகத்தில் அந்தச் சைக்கிளுக்குப் பதிலாக என்ன இருக்கிறது? அதைக் கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும்.

களத்தைப் பற்றி இரண்டு விஷயம். இந்தியர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பகுதிகளில் கடைக்குள் உட்கார்ந்து பேட்டி எடுக்காதீர்கள். கல்லாவில் முதலாளி இருக்கும்போது, "எல்லாம் நல்லா இருக்குண்ணே" என்பதைத் தவிர வேறு பதில் வராது. கடை அடைத்து, தரை கழுவி முடித்து, இரவு பதினொரு மணிக்கு மேல் தங்குமிடத்துக்கு நடக்கும்போதுதான் பேச்சு வரும். ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டதும் முகம் மாறிவிடும். ஊரில் ஏஜெண்ட் நீட்டிய காகிதம் அவருக்கு ஞாபகம் வரும். அதனால் வாய்மொழி ஒப்புதலுக்குப் பல்கலைக்கழக ஆய்வு நெறிக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். காரணத்தை விளக்கிக் கேட்டால் தருவார்கள்.

இரண்டாவது, சம்பளச் சீட்டு. யாராவது காட்டினால் பிடித்தங்களை வரிவரியாகப் பாருங்கள். லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் கட்டணம், என்று பிடித்திருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. 2018 முதல் அதை முதலாளியே ஏற்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இலிருந்து மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), வெளிநாட்டவருக்கும் அதேதான். 2023-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. பாஸ்போர்ட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இங்கே குற்றம். பெயரும் கடையும் உங்கள் குறிப்பேட்டில்கூட வேண்டாம். நீங்கள் பட்டத்தோடு ஊர் திரும்பிவிடுவீர்கள், அவருடைய பெர்மிட் அந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது.

தொழில் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்திலேயே கிடைக்கின்றன, காசு இல்லை. வேலையை விட்டு நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழிலுறவுத் துறையில் முறையிட வேண்டும். சமரசம் ஆகாத வழக்குகள்தான் நீதிமன்றத்துக்குப் போகின்றன. நம்மவர்களில் எத்தனை பேருக்கு அந்த 60 நாள் கணக்கு தெரியும் என்பதே தனி ஆய்வு. பழைய தோட்டக் கோப்புகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகம் போக வேண்டும். அங்கே அவசரப்படாதீர்கள், கோப்பு வரத் தாமதமாகும்.

பதிவு வேலை முடிந்ததும் உணவகத் துறை வழக்குகளில் பத்துத் தீர்ப்புகளைப் படித்து, ஆய்வுத் திட்டத்தை நான்கு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். சென்டூல் ரயில் பட்டறையில் சங்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஞாயிறு காலைகளில் வீட்டில் இருப்பார், கேட்டால் விடாமல் பேசுவார். முதல் பேட்டியை அவரிடமே எடுத்துப் பழகுங்கள், நான் கூட வருகிறேன்.