பிள்ளை மேல் பாசம் வரலையே, டாக்டர்?

கேள்வி: சிசேரியன் ஆகி 22 நாள். மேலூர் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். பிள்ளையை அம்மாச்சி குளிப்பாட்டுகிறார், மதினி தொட்டில் ஆட்டுகிறார். பால் கொடுக்க மட்டும்தான் என்னிடம் தருகிறார்கள். தையல் வலியில் அதுவும் வேதனை. பாசமே வரவில்லை, தினமும் அழுகையாக வருகிறது. தண்ணீர் குடித்தால் புண்ணில் சீழ் வைக்கும் என்று அளந்துதான் தருகிறார்கள். என்ன செய்வது?

பதில்: பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். பச்சை உடம்புக்காரி என்று வீடே தாங்குகிறது, நல்ல மனசுதான். ஆனால் வலிக்கிற நேரத்தில் மட்டும் பிள்ளை கைக்கு வந்தால் பாசம் எப்படி ஒட்டும்? பெற்ற நொடியிலேயே எல்லாருக்கும் அது பொங்கிவிடுவதில்லை. பலருக்குத் தூக்கித் தூக்கித்தான் வருகிறது.

முதலில் வலியைக் குறைப்போம். மடியில் போட்டால் பிள்ளையின் கால் தையலில் உதைக்கும். பக்கத்தில் தலையணை வைத்து, பிள்ளையின் உடம்பை உங்கள் கைக்கு அடியில் விலாவோரமாக விடுங்கள். கால் முதுகுப் பக்கம் போகட்டும், தலை உங்கள் உள்ளங்கையில் இருக்கட்டும். வயிற்றில் ஒன்றும் படாது.

அடுத்து, ஒரு வேலையை உங்கள் கைக்கு வாங்குங்கள். குளிப்பாட்டுவது அம்மாச்சியிடமே இருக்கட்டும். (மூக்கில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதுவதும் மட்டும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்.) துவட்டியதும், இடுப்பில் துணி மட்டும் கட்டி, உங்கள் வெறும் நெஞ்சில் போடச் சொல்லுங்கள். முதுகைச் சேலையால் மூடி, மூக்கு அழுந்தாமல் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு மணி நேரம் சாய்ந்திருங்கள். பாலை இறங்க வைக்கிற ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் அப்போதும் சுரக்கும். கண் சொக்கினால் மதினி வாங்கிக்கொள்ளட்டும்.

தண்ணீருக்கும் சீழுக்கும் சம்பந்தமே இல்லை. சீழ் வைப்பது கிருமியால். மதுரை வெயிலில், பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீரை அளந்தால் மலம் இறுகும். இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். முக்கினால் தையல் இழுக்கும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு செம்புத் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். வெந்நீர்தான் தருவோம் என்றால் அதற்காகச் சண்டை வேண்டாம். பூண்டுக் குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம். சுறாவில் பாதரசம் அதிகம், பால் கொடுக்கும்வரை சுறாப் புட்டைத் தவிர்ப்பது நல்லது. காய், கீரை, பருப்பை ஒதுக்கத்தான் காரணமில்லை.

அழுகை விஷயத்தில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் வருகிற அழுகை பெரும்பாலும் 2 வாரத்துக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். இரத்தசோகையும் தைராய்டும்கூட இப்படிப் படுத்தும். பிரசவம் பார்த்த மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு, அதற்குப் பயந்து போகாமல் இருக்காதீர்கள்.

செத்துப்போகலாம், பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தாலோ, யாரோ பேசுவதுபோல் காதில் கேட்டாலோ அன்றைக்கே போக வேண்டும். தனியாக இருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனையும் ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கண் மங்கலோடு தலைவலி: இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.