வாயடைத்துப்போன ஆறு பேர்

வேலை கூடியதிலிருந்து குழுவில் ஆறு பேரும் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை, வெள்ளிக்கிழமை விளையாட்டு வைத்தும் பலனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் விளையாட்டை நிறுத்துங்கள். தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது அதுவும் இன்னொரு வேலைதான்.

அழுத்தம் எல்லாம் ஒரே ரகமல்ல. கடினமான வேலை களைப்பைத் தந்தாலும் ஈடுபாட்டைக் கூட்டலாம். ஒப்புதலுக்கு மூன்று நாள் காத்திருப்பது, நேற்றுச் சொன்னதை இன்று மாற்றுவது போன்றவை சலிப்பைத்தான் தரும். சுமை மிகுந்து, முடிவெடுக்கும் உரிமை குறைந்த வேலையில்தான் மன உளைச்சல் அதிகம் என்று வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இலேயே எழுதினார். 2001-இல் டெமரூட்டி, பாக்கர் முதலான ஆய்வாளர்கள் இன்னும் பிரித்துக் காட்டினார்கள்: சுமை ஆளைக் களைக்க வைக்கிறது, ஆதரவின்மை வேலையிலிருந்து மனத்தை விலக்குகிறது. உங்கள் குழுவில் தெரிவது இரண்டாவது.

நான் குழு நடத்தியபோது, பத்தி பத்தியாகப் பதில் எழுதும் ஒருவர் திடீரென்று "முடித்துவிட்டேன்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டார். "உங்கள் மேசையிலிருந்து எதை எடுக்கட்டும்?" என்று தனியே கேட்டேன். தினசரி அறிக்கை என்றார். யாருமே படிக்காத அறிக்கை (நானும்தான்). அன்றே நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் மறுபடியும் என்னோடு வாதாட ஆரம்பித்துவிட்டார். நீங்களும் ஒவ்வொருவரையும் தனியே கேளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரமே எடுத்துவிடுங்கள். முடியாதென்றால் கேட்கவே வேண்டாம்.