லார்டு என்றால் ரொட்டிக் காவலர்

கேள்வி: டல்ஹௌசி பிரபு, கர்சன் பிரபு என்று பாடத்தில் படித்துவிட்டு, “பிரபுன்னா அவங்க பேராம்மா?” என்று என் மகள் கேட்கிறாள். லார்டு என்ற பட்டத்துக்கு என்ன அர்த்தம், அது எங்கிருந்து வந்தது? வாரன் ஹேஸ்டிங்ஸும் பிரபுதானா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பெயர் இல்லைங்க, பட்டம்தான். லார்டு என்பதை நம் புத்தகங்கள் பிரபு என்று எழுதிப் பழகிவிட்டன. பிரபு வடமொழிச் சொல், தலைவர், வல்லமை உள்ளவர் என்று பொருள். லார்டு பிறந்த கதை இதைவிட அழகானது, அது அடுப்படியில் தொடங்குகிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி, இன்றைக்கு பேக்கரியில் ‘லோஃப்’ என்கிறோமே அதேதான். ‘வேர்ட்’ என்றால் காப்பவர், ஹாஸ்டல் வார்டனில் இருப்பதும் இதே வேர். இரண்டும் சேர்ந்த ஹ்லாஃப்வேர்ட், அதாவது ரொட்டியைக் காப்பவர், பல நூறு வருஷம் வாயில் புரண்டு தேய்ந்து லார்டு ஆனது. லேடியும் அப்படி வந்ததுதான், மாவு பிசைபவள் என்று அர்த்தம். சரி, ரொட்டியைக் காக்க ஒருவர், பிசைய ஒருத்தி என்றால் தின்ன ஆள் வேண்டாமா? அதற்கும் சொல் இருந்தது: ‘ஹ்லாஃபேட்டா’, ரொட்டி தின்பவர். ஒரு வீட்டை அண்டி அங்கே சாப்பிட்டு வாழ்ந்தவர்களுக்கு அதுதான் பெயர். இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட ஏதல்பெர்ட், 1400 வருஷத்துக்கு முன் போட்ட சட்டத்தில், ஒரு சாதாரணக் குடியானவரின் ரொட்டி தின்பவரைக் கொன்றால் 6 ஷில்லிங் ஈடு கட்ட வேண்டும் என்று இருக்கிறது. குடியானவரிடமே ஆள் அண்டிச் சாப்பிட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. துரியோதனன் பக்கம் நின்று கர்ணன் உயிரை விட்டதை செஞ்சோற்றுக் கடன் என்றுதானே சொல்கிறோம்? சோறு போட்டவனுக்கு விசுவாசம் என்பதை நாம் கடனாகச் சொன்னோம், அவர்கள் அதையே பட்டமாக வைத்துக்கொண்டார்கள். உங்கள் மகளுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மாட்டாள்.

அப்புறம், பிரிட்டிஷ் பிரபுக்களில் டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பரோன் என்று மேலிருந்து கீழாக ஐந்து படி உண்டு. டியூக்கைத் தவிர மற்ற நால்வரையும் பேச்சில் லார்டு என்றே கூப்பிடுவார்கள். டல்ஹௌசி 1848-ல் கவர்னர் ஜெனரலாக வந்தபோது ஏர்ல், மறு வருஷமே மார்க்வெஸ் ஆனார். கர்சனோ வைஸ்ராயாகக் கிளம்பும் நேரத்தில், 1898-ல்தான் பரோன் ஆக்கப்பட்டார். நம் பாடத்தில் இருவரும் ஒரே ‘பிரபு’ ஆகிவிட்டதால் அந்த ஏற்றத்தாழ்வு தெரியாமலே போய்விட்டது, எனக்கு அதில் வருத்தம்தான்.

வாரன் ஹேஸ்டிங்ஸுக்குக் கடைசிவரை அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. ‘ஹேஸ்டிங்ஸ் பிரபு’ என்று வருகிறவர் வேறு ஆள், 1813 முதல் 1823 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த மார்க்வெஸ் ஆஃப் ஹேஸ்டிங்ஸ். பரீட்சையில் இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.