கார் நிறுத்துமிடத்துத் தூண்கள்

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். மகன் ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் நிலநடுக்கப் பொறியியல் எம்.டெக். படித்தவன். பில்டர் கம்பெனியை விட்டுவிட்டு, பழைய கட்டடங்களைப் பலப்படுத்தும் சின்ன நிறுவனத்தில் பாதிச் சம்பளத்துக்கு இருக்கிறான். துபாய் வேலையையும் மறுத்துவிட்டான். வரன் எதுவும் அமையவில்லை. 1990-ல் கட்டிய எங்கள் சொசைட்டியின் பார்க்கிங் தூண்களைப் பற்றிக் கூட்டத்தில் பேச எழுந்தான். ஃபிளாட் விலை இறங்கிவிடும் என்று, செயலாளரான அவன் அப்பாவே உட்கார வைத்தார். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்.

பதில்: சம்பளம், துபாய், வரன் எல்லாம் வாராவாரம் வருகிற கடிதம்தான். அதை விடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வருவோம்.

2001 ஜனவரி 26. நிலநடுக்கம் வந்தது குஜராத்தின் பூஜ் பக்கம். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, காருக்காகக் கீழே சுவரில்லாமல் வெறும் தூண்களில் நின்றவை. மேல்மாடிகள் சுவர்களோடு விறைப்பாக இருப்பதால், வளைகிற வேலை முழுக்கக் கீழ்த் தூண்களின் தலையில் விழுகிறது. தூணுக்குள் கம்பிகளைச் சுற்றியிருக்கும் ரிங்குகளின் முனையை 135 டிகிரிக்கு உள்ளே வளைக்கச் சொல்லும் ஐ.எஸ். 13920, அதாவது நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி, வந்ததே 1993-ல். உங்கள் கட்டடம் அதற்கு மூத்தது. போதாததற்கு, யமுனைக் கரை வண்டல் மண் ஆட்டத்தைக் கூட்டும்.

இதைப் படிக்கத்தானே பிள்ளையை ரூர்க்கிக்கு அனுப்பினீர்கள்? ஊரார் வீட்டுக்குச் சொல்லலாம், நம் வீட்டுக்குச் சொன்னால் விலை போய்விடுமா? நாளைக்கு அந்த ஃபிளாட்டை வாங்கப்போகிறவனும் பிள்ளைகுட்டிக்காரன்தானே அம்மா! சபையில் அப்பாவை மகன் எதிர்த்துப் பேசக் கூடாது என்று நினைக்கிறவள்தான் நானும். ஆனால் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், மேலே தூங்குகிற அத்தனை குடும்பமும் அவர் பொறுப்பு. கண்டிக்க வேண்டியது உங்கள் வீட்டுக்காரரை.

வரன் வீட்டாரிடம் சம்பளத்தை உள்ளபடி சொல்லுங்கள். இந்த வேலையை மதிக்காத வீட்டில் பெண் எடுத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த பொதுக்குழுவில் இதை அவன் அப்பாவே எடுத்து வைக்கட்டும். முதலில் கான்கிரீட்டையும் உள்ளே இருக்கும் கம்பியையும் சோதிக்க வேண்டும். தேவைப்பட்டால் தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடலாம், கார் போகிற வழியை விட்டுச் சில இடங்களில் கான்கிரீட் சுவர் எழுப்பலாம்.

அப்புறம், உங்கள் பிள்ளைக்கும் ஒன்று. அந்த வேலையை அவனுடைய நிறுவனம் தொடக் கூடாது. வேறு பொறியாளர் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். 'செயலாளர் மகனுக்குக் காண்ட்ராக்ட் வாங்கித் தருகிறார்' என்று ஒரு மாடியில் பேச்சுக் கிளம்பினால் போதும், தூண் விஷயத்தை அப்புறம் யாரும் வாயில்கூட எடுக்கமாட்டார்கள்.