44 ஸ்பெஷல் ரிவால்வருக்கு வாட்கட்டர் குண்டு வார்க்கிறேன். ஐம்பது சுடுவதற்குள் குழலில் ஈயம் அப்பிக்கொள்கிறது. இன்னும் கெட்டியான கலவைக்கு மாறலாமா? புது அச்சு வாங்கலாமா?

மாறாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். கெட்டியான கலவைக்கு மாறி ஒரு கோடைக்காலத்தையே வீணடித்தவன் நான். ஈயத்தையாவது மறுபடி உருக்கிக்கொள்ளலாம். ஒஹாயோவில் கோடை போனால் போனதுதான்.

இந்தப் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. வாட்கட்டர் என்பது முனை தட்டையான குண்டு. சாக்பீஸைக் குறுக்கே நறுக்கிய துண்டுபோல இருக்கும். உருண்டை முனைக் குண்டு இலக்குத் தாளைக் கிழித்துக்கொண்டு போகும். துளையின் ஓரம் பிய்ந்து, எங்கே பட்டது என்பதே வாதத்துக்குரியதாகிவிடும். வாட்கட்டரோ பஞ்சிங் மெஷின் போட்டதுபோல வட்டமாக வெட்டி எடுக்கும். அமெரிக்காவின் புல்ஸ்-ஐ போட்டிகளில் துளை கோட்டைத் தொட்டாலே உள்வட்டத்தின் மதிப்பெண் கிடைக்கும் என்பதால், சுத்தமான துளைக்கு உண்மையாகவே விலை உண்டு. 44 காலிபரில் 240 கிரெயின் குண்டு என்றால் பதினைந்தரை கிராம். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு பவுன். ஒரு கிலோ உலோகத்தில் அறுபதுக்குச் சற்று மேல் தேறும்.

என் கதைக்கு வருகிறேன். குழலின் தொடக்கத்தில் வெள்ளிச் சரிகைபோல ஈயம் படிந்தது. மென்மையான ஈயம், அதனால்தான் வழித்துக்கொள்கிறது என்று முடிவுகட்டி, பழைய அச்சகங்களில் வரி வார்க்கப் பயன்பட்ட லைனோடைப் உலோகத்தைத் தேடிப்பிடித்து வாங்கினேன். பிரினெல் கடினத்தன்மை 22; சுத்த ஈயத்துக்கு 5தான். அதில் வார்த்த குண்டு சுண்டினால் கணீரென்று ஒலித்தது, பார்க்கவும் பளபளத்தது. சுட்டால் முன்பைவிட இரண்டு மடங்கு ஈயம். பாத்திரம் தேய்க்கும் செம்பு நாரைத் தூரிகையில் சுற்றி ஒரு மணி நேரம் தேய்த்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பகலெல்லாம் தொழிற்சாலையில் மைக்ரோமீட்டரும் கையுமாக இருப்பதுதான் என் பிழைப்பு. வீட்டில் அதைத் தொடவே தோன்றவில்லை. ஒருநாள் மென்மையான ஈயத் துண்டு ஒன்றை ரிவால்வர் உருளையில் தோட்டா உட்காரும் அறையின் முன்வாய் (அறை வாய்) வழியாகத் தள்ளி எடுத்து அளந்தேன்: 0.431 அங்குலம். குழல் 0.429. அச்சிலிருந்து 0.432 ஆக விழுந்த குண்டை, குழலின் அளவுக்குத்தானே இருக்க வேண்டும் என்று நானே 0.429 அளவு வளையத்தில் தள்ளிச் சிறுக்க வைத்துக்கொண்டிருந்தேன்!

ரைஃபிளில் குண்டு நேரே குழலுக்குள் போகலாம். ரிவால்வரில் குண்டு முதலில் அறை வாயைக் கடந்து, ஓர் இடைவெளியைத் தாண்டித்தான் குழலுக்குள் நுழைகிறது. வாயைவிடக் குண்டு ஒல்லியாக இருந்தால் கொதிக்கும் வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை அரித்துக்கொண்டுபோய்க் குழலின் வாசலில் பூசுகிறது. மென்மையான குண்டு அழுத்தத்தில் அடிப்பக்கம் சற்று உப்பி அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும். கெட்டியான குண்டு, அதுவும் இலக்குச் சுடுதலின் மிதமான வெடிமருந்து அளவில், உப்பாது. நான் காசு கொடுத்து வாங்கிய வினை அது. உங்களுக்கு ஈயம் படிவது குழலின் தொடக்கத்திலா, முனையிலா என்று பாருங்கள். தொடக்கத்தில் என்றால் பெரும்பாலும் அளவுக் கோளாறு. முனையில் என்றால் குண்டின் பள்ளத்தில் தடவும் மெழுகு பாதி வழியில் தீர்ந்துபோகிறது.

0.431 வளையம் வாங்கியதும் முக்கால்வாசி சரியாயிற்று. மிச்சம் கால்வாசி என்னைப் பாடாய்ப் படுத்தியது. கடைசியில், நிரப்பி வைத்த தோட்டா ஒன்றிலிருந்து குண்டைப் பிடுங்கி அளந்தேன். 0.431 ஆக உள்ளே போனது 0.429 ஆக வெளியே வந்தது. தோட்டாவின் பித்தளைக் கூட்டை விரிக்க, செப்புறை போட்ட குண்டுக்கான முளையைப் பயன்படுத்தியதால் கூடு இறுக்கமாக இருந்து, மென்மையான ஈயத்தைப் பிழிந்திருக்கிறது. வாட்கட்டர் கூட்டுக்குள் ஏறத்தாழ முழுதாக இறங்கி உட்காருவதால் இந்தத் தொல்லை இதற்கு அதிகம். வார்ப்புக் குண்டுக்கென்றே விற்கும் சற்றுப் பெரிய முளையைப் போட்டதோடு விஷயம் முடிந்தது. தலைமுடிப் பருமன்கூட இல்லாத வித்தியாசம்.

கலவையைக் கேட்டீர்கள் என்றால், இப்போது இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். கடினத்தன்மை சுமார் 10. வெள்ளீயம் முக்கியமாக அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் ஓடி நிரம்புவதற்கு. அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது, கையுறையும் முகக் கண்ணாடியுமாக நான் நிற்பதைப் பார்த்து, “ஈயச் சொம்பில்தானேடா ரசம் வைக்கிறோம், இதற்கு எதற்கு இத்தனை வேஷம்?” என்றார். அது வெள்ளீயம், இது காரீயம் என்று விளக்கினேன். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், அதனால்தான் சொம்பைக் காலியாக அடுப்பில் வைக்கக்கூடாது என்றேன். “அதை எனக்கே சொல்கிறாயா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர், போன வருடம் நான் அடுப்பில் வைத்து ஓட்டையாக்கிய சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் உருக்குச் சட்டிக்குள் போயிற்று.

வேஷம் வீண் அல்ல. உருகிய ஈயத்தில் ஈரமான துண்டு ஒன்று விழுந்தால் நீர் ஆவியாகி மொத்தத்தையும் மேலே வாரி இறைக்கும். காற்றோட்டம் வேண்டும், ஆனால் ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் கசடுத் தூசியாலும் கழுவாத கையாலும்தான். சட்டியைச் சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள். வருடம் ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன், ஏனென்றால் என்னைப் பயமுறுத்தியது இதுதான். 44 ஸ்பெஷல் கூடு பெரியது, இலக்குச் சுடுதலுக்கான மருந்து ஒரு சிட்டிகை. தவறி இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது. ரிவால்வர் மட்டும் வெடிக்கும். ஐம்பது குழிப் பலகையில் கூடுகளை நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே குண்டை வைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராவது குழியில் மருந்தின் மட்டம் உயர்ந்து தெரிந்தது. ஐம்பதையும் கொட்டிவிட்டு எழுந்துவிட்டேன். அதேபோல, வேறு வடிவக் குண்டுக்கான மருந்தளவை வாட்கட்டருக்குப் போடவே கூடாது. ஆழமாக உட்காரும் குண்டு கூட்டுக்குள் இடத்தைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றிவிடும். உங்கள் குண்டுக்கும் அது உட்காரும் ஆழத்துக்கும் அச்சிட்ட கையேட்டில் உள்ள அளவு மட்டுமே. என்னிடமும் எண் கேட்காதீர்கள்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புது அச்சு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆறு அறை வாய்களையும் தனித்தனியே அளந்த பிறகு வாங்குங்கள். ஆறும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்பாதீர்கள். கேட்ட அளவுக்கு வெட்டித் தரும் அச்சுக்காரர்கள் இருக்கிறார்கள். ஆறில் பெரிய வாயைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகச் சொல்லி வாங்கினால் வளையத்தில் தள்ளிச் சரிசெய்துகொள்ளலாம். சிறிதாக விழும் குண்டைப் பெரிதாக்குவது எளிதல்ல.