மெமரி கார்டு பற்றி எதுவும் கேளுங்கள்: சர்வீஸ் டேபிளிலிருந்து பதில்கள்

கேமரா, மொபைல் சர்வீஸ் என் பிழைப்பு. எஸ்டி, மைக்ரோ எஸ்டி, பழைய காம்பாக்ட் ஃபிளாஷ் வரை தினமும் கையில் புரள்கிறது. தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த பிராண்டு நல்லது என்று மட்டும் கேட்க வேண்டாம், அது சண்டையில்தான் முடியும்.

கால் டாக்ஸி ஓட்டுநர், கோவை: அண்ணா, காரில் ரோட்டைப் பதிவு பண்ற டேஷ்கேம் போட்டிருக்கேன். வீடியோ நடுவுல நடுவுல ஸ்கிப் ஆகுது. ஒரு பைக்காரர் வந்து இடிச்சார், எடுத்துப் பார்த்தா சரியா அந்த இடம் மட்டும் இல்லை. கேமரா கோளாறா, கார்டு கோளாறா?

பெரும்பாலும் கார்டுதான். ஒரு சோதனை செய்து பாருங்கள். வீடியோ மூலையில் மணி ஓடுகிறதல்லவா, ஒரு ஃபைல் 10:41:59-ல் முடிந்து அடுத்தது 10:42:00-ல் தொடங்கினால் நல்லது. 10:42:06-ல் தொடங்கினால் நடுவில் இருந்த நொடிகளைக் கார்டு வாங்கிக்கொள்ளவே இல்லை. ஃபிளாஷ் மெமரியில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது, ஒரு பெரிய தொகுதியை முழுசாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். கார்டு தேயத் தேய இந்த அழிக்கிற வேலை இழுக்கும். கேமராவுக்குள் இருக்கிற தற்காலிக நினைவகமோ ரொம்பச் சிறியது, அது நிரம்பியதும் வருகிற காட்சியைக் கீழே போட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

வேகமான கார்டு வாங்கினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். ஃபுல் எச்டி டேஷ்கேம் நொடிக்கு 2, 2.5 எம்பிதான் எழுதுகிறது, சாதாரண கிளாஸ் 10 கார்டே 10 எம்பி தாங்கும். உங்கள் பிரச்சினை தேய்மானம். 64 ஜிபி கார்டு அந்த வேகத்தில் ஏழு மணி நேரத்தில் நிரம்பிவிடும். நீங்கள் 12 மணி நேரம் வண்டி ஓட்டினால் ஒரே நாளில் கிட்டத்தட்ட இரண்டு சுற்று. வீட்டில் பிறந்தநாள் போட்டோ எடுப்பவருக்கு அதே கார்டை ஒரு சுற்று நிரப்பவே மாதக்கணக்கில் ஆகும். அதனால் 'ஹை எண்டூரன்ஸ்' (திரும்பத் திரும்ப எழுதுவதைத் தாங்கும் வகை) என்று அச்சிட்ட கார்டாக வாங்குங்கள், கேமரா எவ்வளவு வரை ஏற்கும் என்று பார்த்து அதில் பெரியதாகவே வாங்குங்கள். கொள்ளளவு இரட்டித்தால் சுற்று பாதியாகும்.

இன்னொன்று, அதிர்வு சென்சார் செட்டிங். அது 'ஹை'-யில் இருந்தால் நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றையும் விபத்து என்று நினைத்து அந்த ஃபைலை அழியாதபடி பூட்டி வைக்கும். கொஞ்ச நாளில் கார்டு முழுக்கப் பூட்டிய ஃபைல்கள், புதிதாக எழுத இடமே இருக்காது. 'லோ'-வில் வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மட் அடியுங்கள். அப்புறம், மே மாத வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்தினால் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும், கார்டுக்கு அதுவும் நல்லதல்ல.

கல்லூரி மாணவர், திருச்சி: 1 டிபி மைக்ரோ எஸ்டி 399 ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். போலி.

இல்லத்தரசி, மயிலாடுதுறை: வணக்கம். காரில் பாட்டு கேட்க 128 ஜிபி கார்டு வாங்கி என் அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டெல்லாம் ஏற்றினேன். முதல் ஆல்பங்கள் நன்றாக ஓடுகின்றன. அப்புறம் ஒவ்வொரு பாட்டாக ஸ்கிப் ஆகிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் ஃபைல் பெயரெல்லாம் தெரிகிறது. பாட்டு கெட்டுவிட்டதா?

பாட்டு அங்கே இல்லவே இல்லை அக்கா. திருச்சித் தம்பியும் இதைப் படியுங்கள். உங்கள் கார்டுக்குள் இருப்பது 8 அல்லது 16 ஜிபி சிப்பாக இருக்கும். அதன் கன்ட்ரோலரில், அதாவது கார்டை நடத்துகிற குட்டிச் சிப்பில், 128 என்று பொய் எழுதி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கேட்டால் 128 என்று சொல்லும், நீங்கள் கொடுப்பதை எல்லாம் வாங்குகிற மாதிரியே வாங்கும், ஆனால் உண்மையான இடம் தீர்ந்ததும் மிச்சத்தைக் காற்றில் விட்டுவிடும், இல்லையென்றால் முதலில் எழுதியதன் மேலேயே எழுதும். ஃபைல் பெயர்களின் பட்டியல் கார்டின் ஆரம்பப் பகுதியில் இருப்பதால் பெயரும் அளவும் சரியாகத் தெரியும். கார் பிளேயர் ஃபைலைத் திறக்கிறது, உள்ளே வெற்று, அடுத்த பாட்டுக்குத் தாவுகிறது.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும். பெரிய கார்டு என்றால் சில மணி நேரம் ஓடும், ஓடட்டும். புதிதாக எந்தக் கார்டு வாங்கினாலும், நல்ல கடையில் வாங்கினாலும், முதல் வேலை இதுதான். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். பில் இல்லாமல் கார்டு வாங்காதீர்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

ஐடி ஊழியர், சென்னை: 64 ஜிபி கார்டில் 59.6 தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 6,400 கோடி பைட்டை அப்படி மூன்று முறை வகுத்தால் 59.6 வரும். உங்கள் கார்டு ஒழுங்கானது.

வேலை தேடுபவர், சேலம்: 2 டிபி கார்டு 500 ரூபாய்க்கு...

மேலே பாருங்கள்.

இளம் தாய், மதுரை: சார் தயவுசெய்து உடனே பதில் சொல்லுங்கள். குழந்தையின் முதல் வருட போட்டோ எல்லாம் கேமராவில் தெரியாமல் 'டெலீட் ஆல்' அழுத்திவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு போட்டோ எடுத்துவிட்டேன். போச்சா?

பெரும்பாலும் கிடைக்கும், பதறாதீர்கள். இப்போதே கார்டை வெளியே எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். இனி ஒரு போட்டோகூட அதில் எடுக்க வேண்டாம். அழிப்பது என்றால் கேமரா பட்டியலில் இருந்து பெயரைத்தான் நீக்குகிறது, படம் அங்கேயேதான் கிடக்கும், அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை. நீங்கள் எடுத்த அந்த இரண்டு படங்கள் உட்கார்ந்த இடத்தில் இருந்தது மட்டும் போயிருக்கலாம்.

போட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள். திரை கறுப்பாக, பழங்காலத்து மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். கார்டு ரீடர் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, மீட்கும் படங்களைக் கண்டிப்பாகக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கில் சேமியுங்கள். அதே கார்டில் சேமித்தால் மீட்கிற படமே மிச்சப் படங்களை அழித்துவிடும், இதைப் பலர் செய்துவிட்டு அழுதுகொண்டு வருகிறார்கள். பெயரும் தேதி வரிசையும் வராது, எண் போட்ட ஃபைல்களாக வரும். நடுவில் விண்டோஸ் 'இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் 'நோ'. மறுபடியும் சொல்கிறேன், 'நோ'. உங்களுக்குச் செய்ய வராது என்று தோன்றினால், தரவு கிடைத்தால் மட்டும் பணம் என்று சொல்கிற கடையாகப் பார்த்துக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: ஐயா, போனில் கார்டைப் போட்டதும் 'இன்டர்னல் ஸ்டோரேஜ் ஆகப் பயன்படுத்தவா' என்று கேட்கிறது. போன் எப்போதும் நிரம்பியே கிடக்கிறது. சரி என்று கொடுக்கலாமா?

வேண்டாம் ஐயா. ஆண்ட்ராய்டு 6-ல் வந்த வசதி இது. சரி என்று கொடுத்தால் கார்டு முழுவதையும் அந்தப் போன் தன் சாவியால் பூட்டிவிடும். வேறு போனில், கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றும் தெரியாது. நாளைக்குப் போனின் போர்டு போனால், கார்டு நல்ல நிலையில் இருந்தும் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. 'போர்ட்டபிள் ஸ்டோரேஜ்' என்று கேட்பதைத் தேர்ந்தெடுத்து, போட்டோ, வீடியோவை மட்டும் அதில் வையுங்கள்.

பெயர் சொல்லாதவர்: யூனோ ஆட்டத்தில் இரண்டு பேர் மட்டும் விளையாடும்போது ஸ்கிப் கார்டு போட்டால் என்ன ஆகும்?

கார்டு என்றதும் வந்துவிட்டீர்கள். எதிராளிக்கு முறை இல்லை, நீங்களே இன்னொரு சீட்டுப் போடலாம். அடுத்து.

கல்யாண போட்டோகிராபர், ஈரோடு: ஒரே 256 ஜிபி கார்டில் முழுக் கல்யாணமும் எடுத்துவிடுகிறேன். சின்னக் கார்டுகளாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். மாற்றி மாற்றிப் போட்டால் கேமராவுக்குள் இருக்கிற ஊசி முனை வளையும், கார்டு தொலையும். ஒன்றே போதாதா?

கேமராவில் கார்டு செருகும் ஸ்லாட் ஒன்றா, இரண்டா? அதைச் சொல்லாமல் பதில் இல்லை.

ஈரோடு போட்டோகிராபர்: ஒன்றுதான்.

வீடியோகிராபர், திருநெல்வேலி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். ஒரே கார்டு பைத்தியக்காரத்தனம். நான் மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு ஒன்று என்று 64-ஆகத்தான் போடுவேன்.

ஈரோடு போட்டோகிராபர்: நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் என்று கை காட்டுகிற நேரத்தில் கார்டு ஃபுல் என்று காட்டினால் என்ன செய்வீர்கள்? தாலி கட்டுவதை ரீடேக் எடுப்பீர்களா?

திருநெல்வேலி வீடியோகிராபர்: முகூர்த்தத்துக்கு முன்னாடியே மாற்றாதவன் எதற்கு இந்தத் தொழிலுக்கு வந்தான்?

இருவரும் பொறுங்கள். கணக்காகப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான்கு கார்டு பயன்படுத்தினால் அதில் ஏதாவது ஒன்று மக்கர் செய்ய நான்கு மடங்கு வாய்ப்பு, ஆனால் போவது கால்வாசி. ஒரே கார்டு என்றால் வாய்ப்பு கம்மி, போனால் மொத்தமும் போகும். சராசரி நஷ்டம் ஒன்றுதான். ஆனால் பெண் வீட்டாரிடம் சராசரி பேச முடியாது. ரிசப்ஷன் போனால் திட்டு வாங்கி, பணம் குறைத்து, எப்படியோ தப்பிக்கலாம். ஒன்றுமே இல்லை என்று போய் நிற்க முடியாது. அதனால் ஒரே ஸ்லாட் கேமரா என்றால் என் ஓட்டு திருநெல்வேலிக்கு. மாற்றுகிற நேரம் உங்கள் கையில் இருக்க வேண்டும், கார்டு நிரம்பி அது உங்களை மாற்ற வைக்கக் கூடாது. எடுத்து முடித்த கார்டு சட்டைப் பையில் போகக் கூடாது, டப்பாவில் முகம் கவிழ்த்து வையுங்கள், அப்போது இது முடிந்த கார்டு என்று அரைத் தூக்கத்திலும் தெரியும்.

ஆனால் தொழிலாகச் செய்கிறவருக்கு உண்மையான பதில் இரண்டு ஸ்லாட் கேமராதான். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பல கேமராக்கள் இரண்டாவது ஸ்லாட்டை 'ஓவர்ஃப்ளோ'-வில் வைத்துத்தான் வருகின்றன, அதாவது முதல் கார்டு நிரம்பினால் அடுத்ததற்குப் போகும். அது காப்பி இல்லை. 'பேக்கப்' என்று மாற்ற வேண்டும், மெனுவுக்குள் போய் உங்கள் கண்ணால் பாருங்கள். ஒன்றில் ரா (சுருக்காத மூலப்படம்), இன்னொன்றில் ஜேபெக் (சுருக்கிய சாதாரணப் படம்) வைத்தாலும் போதும்.

திருநெல்வேலி வீடியோகிராபர்: நன்றி. ஆனால் இரண்டு ஸ்லாட்டிலும் எழுதினால் கேமரா படுத்துவிடுகிறதே?

ஒன்றில் வேகமான யுஎச்எஸ்-2 வகைக் கார்டு, இன்னொன்றில் பழைய, மெதுவான யுஎச்எஸ்-1 போட்டிருப்பீர்கள். மெதுவான கார்டு முடிக்கும் வரை கேமரா காத்திருக்கும். பின்பக்கம் இரண்டு வரிசை தங்க முனைகள் இருந்தால் அது யுஎச்எஸ்-2. ஸ்லாட்டும் யுஎச்எஸ்-2 தானா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்தக் கார்டுக்குக் கொடுத்த அதிகப் பணம் தண்டம்.

ஈரோடு போட்டோகிராபர்: பேக்கப் எல்லாம் சரி, நான் மண்டபத்திலேயே லேப்டாப்பில் ஏற்றிவிட்டு உடனே ஃபார்மட் அடிக்கிறேன்.

லேப்டாப்பில் ஏற்றியதும் அது மறுபடியும் ஒரே ஒரு பிரதிதான். கார்டு சுமந்து வரும் கூலி ஆள்தான், பெட்டகம் இல்லை. ஆனால் சரக்கு இரண்டு இடத்தில் இறங்கும் வரை கூலியை அனுப்பாதீர்கள். இந்த விவாதம் போதும், இன்னும் நிறைய பேர் காத்திருக்கிறார்கள்.

யூடியூபர், தர்மபுரி: வி30, யு3, ஏ2 எல்லாம் ஒரே கார்டில் எழுதியிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

கேமராவுக்கு 'வி'. வி30 என்றால் தொடர்ந்து நொடிக்கு 30 எம்பி குறையாமல் எழுதும் என்ற உறுதி, யு3-யும் அதே 30 தான். சாதாரண 4கே வீடியோவுக்கு அது போதும். 'ஏ' என்பது போனில் ஆப் ஓடுவதற்கான கணக்கு, வீடியோவுக்குச் சம்பந்தமில்லை. அட்டையில் பெரிதாக 170, 200 எம்பி என்று போட்டிருப்பது படிக்கும் வேகம், அதைப் பார்த்து மயங்காதீர்கள்.

வெளிநாடு செல்பவர், தூத்துக்குடி: விமான நிலைய எக்ஸ்ரேயில் கார்டு அழியுமா? அப்படியே பாரிஸ் மியூசியம் பாஸ் வாங்கினால் அங்கே லூவ்ர் அருங்காட்சியகத்தில் வரிசையில் நிற்காமல் போகலாமா?

அழியாது. ஃபிலிம்தான் கெடும். இரண்டாவது என் ஏரியா இல்லை, தெரிந்தவரை பாஸ் இருந்தாலும் லூவ்ருக்கு நேரம் முன்பதிவு செய்தே ஆக வேண்டும். மிச்சத்தை டிராவல்ஸ்காரரிடம் கேளுங்கள்.

வியாபாரி, விருதுநகர்: 1 டிபி கார்டு 450 ரூபாய், பெரிய கம்பெனி பெயர் போட்டிருக்கு, ரிவ்யூவும் நாலரை ஸ்டார்...

ஐயா. போலி. ஸ்டார் கொடுத்தவர்கள் பார்சல் பிரித்த அன்றே கொடுத்தவர்கள், 16 ஜிபி தாண்டும் வரை அவர்களுக்கும் தெரியாது. இனி இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

டிப்ளமோ மாணவி, வேலூர்: எஸ்டி கார்டு 'லாக்' ஆகிவிட்டது என்கிறது. பக்கத்தில் இருந்த குட்டி பொத்தானே உடைந்து விழுந்துவிட்டது.

கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பொத்தான் வெறும் பிளாஸ்டிக், எந்த வயரும் கிடையாது, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேமராதான் தொட்டுப் பார்க்கிறது. அந்தப் பள்ளத்தின் மேல் பகுதியை மெல்லிய செலோடேப்பால் மூடினால் எழுதும். படங்களைக் காப்பி எடுக்கும் வரை மட்டும் அப்படி ஓட்டுங்கள், டேப் உள்ளே கழன்று ஒட்டிக்கொண்டால் ஸ்லாட்டைப் பிரிக்க என்னிடம்தான் வர வேண்டும்.

அம்மா ஒருவர், நாகர்கோவில்: பையன் சட்டைப் பையோடு கார்டு வாஷிங் மெஷினில் போய்விட்டது. வேலை செய்யுமா தம்பி?

பெரும்பாலும் செய்யும்மா. ஹேர் டிரையர் காட்டாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். துணியால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். தங்க முனைகளில் சோப்புக் கறை இருந்தால் பென்சில் ரப்பரால் லேசாகத் தேயுங்கள். அதுவரை எதிலும் செருக வேண்டாம். படித்தது என்றால் முதலில் எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டு, அந்தக் கார்டைப் பையனின் பாட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.