பளபளக்கும் பழைய பந்தயப் படகு: வாங்கலாமா?

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். கல்லூரிக் காலத்தில் என்சிசி கடற்படைப் பிரிவில் பாய்மரப் படகு ஓட்டியிருக்கிறேன். அந்த ஆசை இன்னும் விடவில்லை. சென்னையில் ஒருவர், மரத்தில் செய்த 'எண்டர்பிரைஸ்' பந்தயப் படகு விற்பனைக்கு என்று இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார். 1970களில் கட்டியதாம், 82 ஆசியாடில் ஓடித் தங்கம் வாங்கியதாம், முழுக்கப் புதுப்பித்ததாம். விலை 1,40,000 ரூபாய். 20,000 அட்வான்ஸ் போட்டால் மதுரைக்கே ஏற்றி அனுப்புகிறேன் என்கிறார். படத்தில் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. வாங்கலாமா?
(வாசகர், திருநகர், மதுரை)

பதில்: அந்தப் பளபளப்புதான் எனக்கு இடிக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஆசியாட் கதை.

1982 ஆசிய விளையாட்டு டெல்லியில் நடந்தாலும் பாய்மரப் போட்டிகள் பம்பாய்க் கடலில்தான் நடந்தன. எண்டர்பிரைஸ் வகையும் அதில் இருந்தது. ஆனால் ஃபரோக் தாராபூர், ஜரீர் கரஞ்சியா ஜோடி தங்கம் வாங்கியது 'ஃபயர்பால்' வகைப் படகில். அது வேறு படகு, எண்டர்பிரைஸைவிட நீளமானது. விற்பவர் கேள்விப்பட்டதை ஒட்டுப்போட்டுச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. பழைய படகுகளோடு இப்படிக் கதைகளும் கை மாறிக்கொண்டே வரும். கதைக்குக் காசு கொடுக்காதீர்கள், காகிதத்துக்குக் கொடுங்கள். படகின் மரத்தில் பொறித்த எண், பாயில் ஒட்டிய எண், அளவீட்டுச் சான்றிதழில் உள்ள எண் மூன்றும் ஒன்றா என்று கேளுங்கள். பாயை ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம் என்பதால் பாய் எண் மட்டும் போதாது.

எண்டர்பிரைஸுக்கு உண்மையான வரலாறே நன்றாக இருக்கிறது. இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் வரைந்தது, 1956இல் வெளிவந்தது. 'நியூஸ் கிரானிக்கிள்' என்ற செய்தித்தாள் அதை ஆதரித்தது. சாதாரணக் குடும்பத்துக்காரர் வீட்டுக் கொல்லையிலேயே பிளைவுட்டை அறுத்துக் கட்டிக்கொள்ளலாம், இரண்டு பேர் ஓட்டலாம், அதே படகில் பந்தயத்துக்கும் போகலாம் என்பதுதான் எண்ணம். நீளம் 13 அடி 3 அங்குலம். நீலப் பாய்தான் அடையாளம். எல்லாப் படகும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஓட்டுபவரின் திறமைதான் வித்தியாசம் என்பது இந்த வகைப் பந்தயத்தின் விதி. அதனால் கட்டுமரம், வல்லம் போல் 'அவரவர் கைப்பாங்கு' இதில் செல்லாது. புதுப்பிக்கும்போது அளவும் எடையும் தவறினால் அது பந்தயப் படகே இல்லை.

இப்போது பளபளப்பு. பிளைவுட் படகு வெளியிலிருந்து சாகாது, உள்ளிருந்து சாகும். மழைநீர் உள்ளே தேங்கி, திருகு ஆணி ஓட்டை வழியாக இறங்கி, அடுக்குகள் பிரிந்து மக்கும். காரில் துரு பிடித்த இடத்தில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது போல இதிலும் செய்யலாம். ஒரு சீசன் தாங்கும். இதைவிட மோசம், ஈரம் காயாத மரத்தின் மேல் ஃபைபர் மேட் ஒட்டிவிடுவது. 'கசியாது சார்' என்பார்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் மரத்தைத் தின்னும், எடையும் ஏறும்.

ஆகவே நேரில் போகாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். போகும் முன்பே, வேலை நடந்தபோது பெயிண்டை உரித்துப்போட்ட நிலையில் எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒழுங்காகப் புதுப்பித்தவர் இருநூறு படம் வைத்திருப்பார், நீங்கள் போதும் போதும் என்றாலும் காட்டுவார். ஒன்றுமே இல்லை என்றால் பயணச் செலவு மிச்சம்.

கையில் ஒரு கோணி ஊசி எடுத்துப் போங்கள். (விற்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் குத்த வேண்டும்.) பின்பலகையின் கீழ் மூலைகள், பாய்மரக் கம்பம் ஊன்றும் அடிக்கட்டை, நடுப்பலகை (படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) ஏறி இறங்கும் பெட்டி படகின் அடியோடு சேரும் இடம், இந்த மூன்றும்தான் முதலில் போகும். ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் பேச்சே வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல மரம் 'டக் டக்' என்னும், மக்கியது 'தொப்' என்னும். படகைத் தாங்கு கட்டையில் ஏற்றி உள்ளே நாலு குடம் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் அடியில் பாருங்கள். நடுப்பலகைப் பெட்டி பக்கம் சொட்டுகிறதா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் எடை. எண்டர்பிரைஸின் வெற்று உடல் ஏறக்குறைய 90 கிலோதான். இரண்டு பேர் முக்கித் தூக்கலாம். நாலு பேர் தூக்கியும் மூச்சு வாங்கினால் மரம் தண்ணீர் குடித்திருக்கிறது, அல்லது மேலே ஃபைபர் ஏறியிருக்கிறது. லாரி எடைமேடை இதற்குச் சரிவராது. கீழமாசி வீதி மண்டிகளில் மூட்டை நிறுக்கும் தராசு மாதிரி ஒன்று வேண்டும்.

அலுமினியக் கம்பத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட் அடித்த இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அலுமினியம் அரிக்கிறது என்று அர்த்தம். பாய் புதுசு என்றால் கசக்கும்போது புது நோட்டு மாதிரி மொறமொறக்கும். துவைத்துத் துவைத்துத் துவண்ட வேட்டி மாதிரி இருந்தால் பந்தயத்துக்கு ஆகாது. மிதவைக் காற்றுப் பைகளை இரவில் ஊதி வைக்கச் சொல்லிக் காலையில் போய்ப் பாருங்கள். கவிழ்ந்தால் படகை மிதக்க வைப்பது அவைதான், இதில் சமரசம் வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் 1,40,000 எனக்கு அதிகமாகவே படுகிறது. பெயிண்ட் உரிந்து, மரம் தெரிந்து, போன மாதம் வரை தண்ணீரில் ஓடிய படகு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குவேன். சட்டமும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகரைத்தான் பிடிக்கும். தன் சொந்தப் படகை ஒருமுறை விற்கும் தனிநபர் மீது வழக்கு நிற்பது கடினம். படகு வாங்கி விற்பதே அவர் தொழில் என்றால் கதை வேறு: இரண்டு ஆண்டுக்குள் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. எப்படியானாலும் எண், ஆண்டு, என்ன வேலை செய்தார் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணம் போட்டபின் ஆள் காணாமல் போனால் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு உடனே அழையுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

வண்டி விஷயம்: குட்டியானையின் தொட்டி ஏழு அடிதான். 14 அடி லாரி பேசுங்கள். கம்பம் அதற்கும் நீளம்.

கேள்வி: பழைய படகு ஒன்றின் அடிப்பலகையை மாற்றப் போகிறேன். கடைக்காரர் 'இதுவும் 710தான்' என்று முத்திரை இல்லாத பிளைவுட்டைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?
(வாசகர், மேலூர்)

பதில்: வேண்டாம். ஐஎஸ் 710 என்பது கடல்தர பிளைவுட்டின் இந்தியத் தர எண். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடக்கூடாது. ஐஎஸ் 303 அலமாரிக்கு. '710' என்று யார் வேண்டுமானாலும் மை தடவி அச்சடிக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரையோடு 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு உரிமம் என்று வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, இட்லிப் பானையில் ஒரு நாள் கொதிக்க விடுங்கள்.

கேள்வி: மதுரையில் இருந்துகொண்டு பாய்மரப் படகை எங்கே ஓட்டுவது? வைகை அணை? கொடைக்கானல்?
(வாசகர், ஆனையூர்)

பதில்: நம் ஊரில் மிதப்பது என்றால் தெப்பம், அதையும் வடம் பிடித்து இழுத்தால்தான் நகரும். கொடைக்கானல் ஏரியை 1863இல் உருவாக்கியவர் மதுரைக் கலெக்டராக இருந்த வெரே லெவிங்கே. முதல் படகையும் அவர்தான் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். இன்று அங்கே சொந்தப் படகை இறக்க முடியுமா என்பதைப் படகுக் குழாமில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வைகை அணை நீர்வளத்துறையின் கையில் இருக்கிறது. எழுத்தில் அனுமதி கையில் வரும்வரை படகு வாங்குவதையே தள்ளிப்போடுங்கள்.